தாய்மாமன் சீருக்குச் சுங்கம். தேயிலைப் பெட்டிக்குச் சலுகை!

கீழ் கோத்தகிரியில் ஒரு தோட்டத்து லைன் வீட்டில் கல்யாணம். பந்தல் போட்டாகிவிட்டது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. ஆனால் பெண்ணின் தாயார் மட்டும் தபால்காரர் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறார். விமானச் செலவு செய்து வந்துபோக அவரால் முடியாது. ஆகவே தாய்மாமன் சீரைத் தபாலில் அனுப்பியிருந்தார். மணப்பெண்ணுக்கு ஒரு சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி, தங்கைக்கு ஒரு சேலை, ஒரு சிறு குத்துவிளக்கு. பொட்டலத்தின் மேல் ஒட்டும் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, விலையையும் ஒளிக்காமல் குறித்திருந்தார். இந்தியக் கணக்கில் அது ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு.

பொட்டலம் வந்தது. கூடவே ஒரு சீட்டும் வந்தது. சுங்கத் தீர்வையைக் கட்டினால்தான் பொட்டலம் கைக்கு வரும் என்றது அந்தச் சீட்டு. தொகை, அந்த அம்மாளின் நாலு நாள் கூலி. ஏற்கெனவே வாங்கிய கல்யாணக் கடனோடு இதற்கும் ஒரு கைமாற்று வாங்கிக் கட்டினார். “அண்ணன் சீரை அடகுக் கடையிலிருந்து மீட்கிற மாதிரி மீட்க வேண்டியிருக்கிறதே!” என்றார். தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்ன செய்வார்? விதியை எழுதியவர் அவரல்லவே!

அந்த அண்ணன் வேலை செய்கிற மலைகளில் விளையும் தேயிலையும் இந்தியாவுக்கு வருகிறது. அது தபாலில் வருவதில்லை. கப்பலில், பெரிய வியாபாரிகளின் பேரில், டன் கணக்கில் வருகிறது. அதற்குத் தீர்வையில் சலுகை உண்டு. கலந்து மறுபடி ஏற்றுமதி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்வையே இல்லாமல் கொண்டுவரவும் வழி உண்டு.

ஒரே மலை, ஒரே தொழிலாளி. அவர் பறித்த கொழுந்து முதலாளியின் பேரில் வந்தால் சலுகை. அவர் சேர்த்த காசில் வாங்கிய சேலை தங்கையின் பேரில் வந்தால் தீர்வை. இது என்ன நியாயம்? இந்தக் கேள்வியைத்தான் கீழ் கோத்தகிரியின் சார்பில் நாம் கேட்க விரும்புகிறோம்.

பிரிக்கப்பட்ட குடும்பங்கள்

அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று இந்தக் குடும்பம் ஏன் பிரிந்தது? அவர்களாக விரும்பிப் பிரியவில்லை. இரண்டு சர்க்கார்கள் கூடிப் பிரித்தன.

1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்தைத் தேயிலைத் தோட்டமாக்கிய லட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவு செய்தார்கள். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆடு மாடுகளைப் பங்கிடுவதுபோல மனிதர்களைப் பங்கிட்டார்கள் என்று அன்று தொழிலாளிகள் மனம் கொதித்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

அப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் தங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்த உழைப்பெல்லாம் இரண்டொரு தகரப் பெட்டிகளில் அடங்கிவிட்டது. ஒரு குடும்பம் எவ்வளவு சொத்து எடுத்துவரலாம் என்பதைக்கூட ஒப்பந்தம் பேசியது. இலங்கை சர்க்கார் விதிக்கும் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று ஒரு ஷரத்து! அவ்வளவுதான் அந்த வாழ்க்கைக்கு இரு சர்க்கார்களும் கொடுத்த உத்தரவாதம்.

அவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் வனத்துறையின் கீழ் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1976-ல் அது ‘டான்டீ’ என்ற கழகமாயிற்று. வேறு பலர் தனியார் தோட்டங்களில் சேர்ந்தார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று மலை முழுவதும் பரவினார்கள். 1984-ல் உள்நாட்டுச் சண்டையில் தலைமன்னார் கப்பலும் நின்றது. அண்ணன் தம்பி முகம் பார்க்கிற வழியும் அடைபட்டது.

அதற்குப் பின் அந்தக் குடும்பங்களுக்கு மிஞ்சியது தபால்தான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பொங்கல் என்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு பொட்டலங்கள். பின்னாளில் அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போன பிள்ளைகள் அனுப்பும் பொட்டலங்களும் அத்துடன் சேர்ந்தன. அந்தச் சிறு பொட்டலத்தின் மேல்தான் இன்று சுங்கத்தின் கை விழுகிறது.

அடைக்கப்பட்ட சிறு வாசல்

முன்பு இப்படி இருந்ததா? இல்லை. தபாலிலோ கூரியரிலோ வரும் அன்பளிப்புகளுக்கு 5,000 ரூபாய் மதிப்பு வரை தீர்வை விலக்கு இருந்தது. ஹட்டன் அண்ணனின் பொட்டலம் அந்த வரம்புக்குள் அடங்கியிருக்கும். 2019 டிசம்பர் 12-ந் தேதி மத்திய சர்க்காரின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அன்பளிப்பு என்ற பேரில் தீர்வையின்றிப் பொருள் வருவது அத்துடன் நின்றது. முழுத் தீர்வையையும் கட்டினால் அன்பளிப்பை வாங்கிக்கொள்ளலாம். இரண்டே இரண்டு விதிவிலக்குகள்: ஒன்று, உயிர் காக்கும் மருந்து, மற்றொன்று, ராக்கிக் கயிறு.

ராக்கி கட்டும் சகோதரியை நாம் குறை சொல்லவில்லை. அந்தக் கயிறு தடையின்றி வரட்டும். அண்ணன் தங்கை பாசம் என்றால் என்ன என்று சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தாய்மாமன் சீர் என்று ஒரு வழக்கம் இந்த நாட்டின் தெற்கே இருக்கிறதே, அதில் இருப்பதும் அண்ணன் தங்கை பாசம்தானே! தங்கை அனுப்பும் கயிறு பாசம். அண்ணன் அனுப்பும் சேலை வியாபாரமா?

ஏன் இந்த வாசலை அடைத்தார்கள்? இதற்குச் சர்க்கார் தரப்பில் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் பொய்யல்ல. சீனாவிலிருந்து இணையக் கடைகள் நடத்திய பெரிய வியாபார நிறுவனங்கள் இந்த 5,000 ரூபாய் விலக்கைத் தவறாகப் பயன்படுத்தின. விற்ற துணிமணியையும் விளையாட்டுச் சாமானையும் ‘அன்பளிப்பு’ என்று ஒட்டி, ஆயிரக்கணக்கான பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பின. தீர்வை ஏய்க்கப்பட்டது. நம் நாட்டுச் சிறு உற்பத்தியாளனும் கடைக்காரனும் அடிபட்டார்கள். இதைத் தடுக்க வேண்டியதுதான். தடுக்காமல் விடு என்று எந்த உழைப்பாளியும் கேட்கமாட்டான்.

ஆனால் எப்படித் தடுத்தார்கள்? காசு வாங்கிக்கொண்டு பொருள் அனுப்புகிற கம்பெனி யார், உறவுமுறையில் சேலை அனுப்புகிற அண்ணன் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாதா? ஒரு கம்பெனியின் பேரில் வந்து குவியும் பொட்டலங்கள் எத்தனை, ஒரு லைன் வீட்டுக்கு வருஷத்தில் வரும் பொட்டலம் எத்தனை என்று எண்ண முடியாதா? ஒரு விலாசத்துக்கு வருஷத்துக்கு இத்தனை என்று வரம்பு கட்டியிருக்கலாம். விற்பனைப் பொருளை அன்பளிப்பு என்று எழுதிய கம்பெனிக்குப் பலமடங்கு அபராதம் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. திருடன் அந்தத் தெரு வழியாக ஓடினான் என்று சொல்லித் தெருவையே அடைத்துவிட்டார்கள். தெருவில் குடியிருப்பவன் எப்படி வீட்டுக்குப் போவான் என்று யோசிக்கவில்லை.

தீர்வைக் கணக்கும் ஒரு சாதாரண மனிதனுக்கு விளங்குவதாக இல்லை. பொருளின் விலையோடு அனுப்பிய செலவும் மதிப்பில் சேரும். அந்த மதிப்பின் மேல் அடிப்படைச் சுங்கம். பிறகு, மதிப்பையும் சுங்கத்தையும் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையின் மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. அதாவது வரிக்கும் வரி! சொந்த உபயோகத்துக்கு வரும் பொருள்களின் சுங்க விகிதத்தை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அறிவித்தார். குறைத்ததை வரவேற்கலாம். ஆனால் பெரிய கடையில் சாமான் வாங்கி வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொள்ளும் பணக்காரனுக்கும் தாய்மாமன் சீருக்கும் ஒரே கோல்தான் என்ற அடிப்படை அநியாயம் அதனால் மாறிவிடவில்லை. ஒரு பொட்டலத்தின் தீர்வை 100 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் வசூலிக்க வேண்டாம் என்று 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. 100 ரூபாய் தீர்வைக்குள் அடங்கும் பொட்டலத்தில் என்ன சீர் அனுப்ப முடியும்? ஒரு நல்ல துண்டு அனுப்பலாம்!

இன்னொன்றையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் பிரயாணி 50,000 ரூபாய் மதிப்புள்ள சாமான்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்று 2016-ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகள் கூறின. 2026-ல் அந்த வரம்பு 75,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஹட்டன் அண்ணனிடம் விமானச் சீட்டுக்குப் பணம் இருந்து, அதே சேலையையும் அதே விளக்கையும் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் ஒரு காசு தீர்வை இல்லை. பணம் இல்லாததால் தபாலில் அனுப்பினார், ஆகவே தீர்வை! சாமான் ஒன்றே, உறவு ஒன்றே, கல்யாணம் ஒன்றே. வித்தியாசம் விமானச் சீட்டில் இருக்கிறது. பறக்க வசதி உள்ளவனுக்கு விலக்கு, வசதி இல்லாதவனுக்கு வரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்?

சுங்கம் தமிழனுக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்கு மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்திச் சுங்கம் வாங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. உல்கு என்று அதற்குப் பழந்தமிழில் ஒரு பேரும் உண்டு. ஆனால் அங்கே முத்திரை விழுந்தது துறைமுகத்தில் குவிந்த வணிகச் சரக்கின் மேல். முதலாம் குலோத்துங்கனுக்கோ ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பேர். அவனும் மன்னன்தான், அவனுடைய ஆட்சியும் மன்னராட்சிதான். எனினும் சுங்கம் ஜனங்களை எந்த அளவுக்கு வாட்டியிருந்தால், அதை நீக்கியவனுக்கு அதையே பட்டமாகக் கொடுத்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திறந்திருக்கும் பெரிய வாசல்

இனி மற்ற வாசலைப் பார்ப்போம். தேயிலை இறக்குமதிக்கு இந்தியாவில் தீர்வை 100 சதவீதம். கேட்டால் பெரிய மதில் மாதிரி இருக்கும். ஆனால் மதிலில் எத்தனை திட்டிவாசல்கள்!

முதல் வாசல், இலங்கையுடன் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். அதன்படி வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ இலங்கைத் தேயிலை வரை சலுகைத் தீர்வையில் வரலாம். இரண்டாவது, நேபாளம். அங்கிருந்து தேயிலை தீர்வையின்றி வருகிறது. நேபாளத் தேயிலை டார்ஜிலிங் தேயிலை என்ற பேரில் விற்கப்படுவது பற்றி நாடாளுமன்றத்தின் வர்த்தக நிலைக்குழுவே 2022-ல் கவலை தெரிவித்தது. மூன்றாவது வாசல்தான் மிகப் பெரியது: மறு ஏற்றுமதி. வெளிநாட்டுத் தேயிலையைக் கொண்டுவந்து, இந்தியத் தேயிலையுடன் கலந்து, குறித்த கெடுவுக்குள் வெளிநாட்டுக்கே அனுப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டால் தீர்வை வேண்டாம். கென்யா முதலிய நாடுகளின் மலிவுத் தேயிலை இந்த வழியாக வருகிறது.

ஒப்புக்கொண்டபடி அவ்வளவும் வெளியே போகிறதா? அதில் ஒரு பகுதி உள்நாட்டுச் சந்தையிலேயே கலந்து விற்கப்படுகிறது என்று சிறு விவசாயிகளின் சங்கங்கள் பல வருஷங்களாக முறையிட்டு வருகின்றன. இது வெறும் வதந்தி என்று தள்ள முடியாது. 2021 நவம்பரில் தேயிலை வாரியம் சில உத்தரவுகளைப் பிறப்பித்தது. இறக்குமதித் தேயிலை எந்த நாட்டுச் சரக்கு என்று எல்லா ஆவணங்களிலும் காட்ட வேண்டும் என்றது. டார்ஜிலிங், காங்ரா, அஸ்ஸாம் ஆர்த்தடாக்ஸ், நீலகிரி ஆர்த்தடாக்ஸ் ஆகிய புவிசார் குறியீடு பெற்ற தேயிலைகளுடன் வெளிநாட்டுத் தேயிலையைக் கலக்கக் கூடாது என்றது. ஊரில் நோய் இல்லாவிட்டால் மருந்துச் சீட்டு எதற்கு?

மொத்தக் கணக்கில் இறக்குமதி சொற்பம்தானே என்று வியாபாரிகள் சொல்வார்கள். வாஸ்தவம். இந்தியா வருஷத்துக்கு ஏறக்குறைய 130 கோடி கிலோ தேயிலை உற்பத்தி செய்கிறது. அதன் பக்கத்தில் இறக்குமதி சிறிய பங்குதான். ஆனால் ஏலத்தில் விலை எப்படி நிர்ணயமாகிறது? குன்னூர் ஏலத்தில் சாதாரண ரகத் தூளுக்கு விலை கேட்கும் பெரிய வியாபாரிக்கு, “நீ கொடுக்காவிட்டால் மலிவுச் சரக்கு வேறிடத்தில் இருக்கிறது” என்று சொல்ல ஒரு பிடி கிடைத்துவிட்டால் போதும். தூள் விலை கிலோவுக்குச் சில ரூபாய் இறங்கும். உடனே தொழிற்சாலைக்காரர் பசுந்தேயிலை விலையைக் குறைப்பார். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். மேலே உருளும் சிறு கல் கீழே இருப்பவன் தலையில் பாறையாக விழுகிறது.

கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கத்துச் சிறு விவசாயி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர். உரம் கடனுக்கு, பறிகூலி கைக்காசு. கொழுந்தைப் பறித்த அன்றே தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும். நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தபோது தென்னிந்தியத் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட பட்டியலில் தேயிலையும் இருந்தது. அந்த ஆண்டுகளில் பசுந்தேயிலை விலை கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்க்குச் சரிந்ததை மலைமக்கள் இன்னும் மறக்கவில்லை. தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு என்ன வைப்பது என்று தெரியாமல் நின்றவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகளின் படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு அனுப்பிய வீடுகள் எத்தனை! 2023-ல் கோத்தகிரி வட்டாரத்தில் சிறு விவசாயிகள் நியாய விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். உற்பத்திச் செலவும் அதன்மேல் பாதியும் சேர்த்து விலை வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது.

இப்போது இரண்டு வாசல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறியவர்களின் வாசலில் பெரிய கம்பெனிகள் புகுந்து மோசடி செய்தன. சர்க்கார் ஒரே அறிவிப்பில் அந்த வாசலைச் சிறியவர்களுக்கும் சேர்த்து அடைத்துவிட்டது. பெரியவர்களின் வாசலில் கசிவு இருப்பதாகச் சிறியவர்கள் பல வருஷங்களாக முறையிடுகிறார்கள். அங்கே அறிவுரையும் சுற்றறிக்கையும் ஆவணப் படிவமும்தான் வருகின்றன. வாசல் திறந்தே இருக்கிறது.

பாஸ்டன் துறைமுகத்துத் தேயிலை

தேயிலையும் சுங்கமும் சேர்ந்து சரித்திரத்தையே புரட்டிய கதை ஒன்று உண்டு. 1773 டிசம்பர் 16-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையை மக்கள் கடலில் கொட்டினார்கள். தேயிலைக்கு வரி உயர்த்தியதால் கலகம் வந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது அதுவல்ல. அந்த ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய தேயிலைச் சட்டம் வரியை உயர்த்தவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த தேயிலையை விற்றுக் கொடுப்பதற்காக, கம்பெனி இங்கிலாந்தில் செலுத்திய தீர்வையைத் திருப்பிக் கொடுத்தது. கம்பெனி நேரடியாக அமெரிக்காவில் விற்கவும் அனுமதித்தது. ஆனால் அமெரிக்க மக்கள் கட்ட வேண்டிய ராத்தலுக்கு மூன்று பென்ஸ் தீர்வையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. கம்பெனிக்குச் சலுகை, குடிமக்களுக்குத் தீர்வை! அங்குள்ள சிறு வியாபாரியின் வயிற்றில் அடி. அதுதான் ஜனங்களை ஆத்திரமூட்டியது.

இருநூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகும் அதே சூத்திரம் வேறு உடுப்பில் வருவதைத்தான் கீழ் கோத்தகிரியில் நாம் பார்க்கிறோம். நமக்குக் கடலில் பெட்டி கொட்டும் வேலை இல்லை. கணக்குக் கேட்கும் வேலை இருக்கிறது.

நம் பகைவன் யார்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இலங்கைத் தேயிலை, கென்யத் தேயிலை என்று பேசும்போது அந்நாட்டு மக்கள்மேல் வெறுப்பைக் கிளப்பச் சிலர் முயல்வார்கள். அந்த வலையில் விழக்கூடாது. ஹட்டனில் கொழுந்து பறிப்பவர் நமது கூடப்பிறந்தவர். நாளுக்கு 1,000 ரூபாய் கூலி வேண்டும் என்று இலங்கை மலையகத் தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2021-ல்தான் அது சட்டமாயிற்று. அதற்குள் விலைவாசி அதையும் விழுங்கத் தொடங்கிவிட்டது. கென்யாவில் கெரிச்சோ மலைகளில் பறிப்பவரும் நம்மைப் போலக் கூடையைச் சுமப்பவர்தான். அவர்களுக்கும் கூலி குறைவு. நமக்கும் விலை குறைவு. இரு பக்கத்துக் குறைவையும் கூட்டினால் வருவது நடுவில் நிற்கும் பெரிய வியாபாரியின் லாபம்.

ஆகவே ‘எல்லாத் தேயிலையையும் நிறுத்து’ என்பது நமது கோரிக்கையல்ல. பக்கத்து நாடுகளுடன் வியாபாரம் வேண்டும், உறவும் வேண்டும். ஆனால் சலுகை வாங்குகிறவன் கணக்குக் காட்ட வேண்டும். சரக்கை ஏற்றுமதி செய்வதாகச் சொன்னவன் ஏற்றுமதி செய்ய வேண்டும். டீக்கடையில் ஒரு கிளாஸ் குடிக்கும் தொழிலாளிக்குத் தான் குடிப்பது எந்த மலையின் தூள் என்று தெரிய வேண்டும்.

தீர்வையை மட்டும் ஏற்றி இறக்கினால் சிறு விவசாயி பிழைத்துவிடுவார் என்றும் நாம் சொல்லவில்லை. நல்ல கொழுந்து, நல்ல தொழிற்சாலை, ஒழுங்கான எடை, நேரத்துக்குப் பணம் எல்லாம் வேண்டும். 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை எழுந்ததும், பின்னர் ‘இன்கோசர்வ்’ இணையத்தின் கீழ் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள் வந்ததும் இதற்காகத்தான். வீட்டுக்குள் செய்ய வேண்டியதை வீட்டுக்குள் செய்வோம். ஆனால் வாசலில் ஓட்டை இருக்கும்போது வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் போதாது.

மனம் இருந்தால் வழி உண்டு

சுங்க விதி என்பது கல்லில் செதுக்கியது. மாற்ற முடியாது என்று சொல்வார்கள். அதுவும் உண்மையல்ல. 2021-ல் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் ஒரு பச்சைக் குழந்தைக்குத் தசைநார் சிதைவு நோய். மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை சுமார் 16 கோடி ரூபாய். ஊர் உலகமெல்லாம் கைகொடுத்துப் பணம் சேர்த்தது. அதன்மேல் இறக்குமதி வரி மட்டும் சுமார் 6 கோடி ரூபாய்! மக்கள் குரல் எழுப்பினார்கள். வரி தள்ளுபடியாயிற்று. அதன் பிறகும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு தாயும் டில்லிக்கு மனுப் போட வேண்டியிருந்தது. 2023 ஏப்ரல் முதல், பட்டியலில் உள்ள அரிய நோய்களுக்குச் சொந்த உபயோகத்துக்கு வரும் மருந்துகளுக்கு அடிப்படைச் சுங்கம் இல்லை என்று பொது விதியே வந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? தனித்தனி மனுவாக நின்றபோது கருணையாகக் கிடைத்தது, பலர் சேர்ந்து கேட்டபோது உரிமையாயிற்று. மருந்தையும் சேலையையும் நாம் சமமாக வைக்கவில்லை. வணிகச் சரக்கு எது, மனிதத் தேவை எது என்று பிரித்துப் பார்க்கச் சுங்க இலாகாவுக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறோம். ஒரு இடத்தில் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு மற்ற இடத்திலும் பிரிக்கத் தெரியும்.

நாம் கேட்பது

நமது கோரிக்கைகள் எளியவை, நியாயமானவை.

1. உறவினர் தபாலில் அனுப்பும் அன்பளிப்புகளுக்கு 5,000 ரூபாய் வரை இருந்த விலக்கைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஒரு விலாசத்துக்கு வருஷத்தில் இத்தனை பொட்டலம் என்று வரம்பு வைக்கலாம். வியாபார நிறுவனங்கள் இதில் புகுந்தால் கடும் அபராதம் போட வேண்டும்.

2. 100 ரூபாய்க்கு மேற்படாத தீர்வையை வசூலிப்பதில்லை என்ற வரம்பை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

3. தீர்வை விதித்தால், எந்த மதிப்பின் மேல் எந்த வரி எவ்வளவு என்று தமிழில் பிரித்து எழுதிய சீட்டு கொடுக்க வேண்டும். மதிப்பு தவறு என்றால் எங்கே முறையிடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

4. மறு ஏற்றுமதிக்கென்று தீர்வையின்றி வந்த தேயிலை எவ்வளவு, யார் பேரில் வந்தது, எவ்வளவு வெளியே போயிற்று என்ற கணக்கை மாதந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். போகாத சரக்குக்கு 100 சதவீதத் தீர்வையும் அபராதமும் வசூலிக்க வேண்டும்.

5. தேயிலைப் பாக்கெட்டில் எந்த நாட்டுத் தூள் கலந்திருக்கிறது என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும்.

6. தேயிலைக்கு விலை நிர்ணயம் செய்ய 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திப் பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கச் செய்ய வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளில் தோட்டத் தொழிலாளிக்கும் சிறு விவசாயிக்கும் முரண்பாடு எதுவும் இல்லை. லைன் வீட்டுக்கு வரும் பொட்டலமும் ஊர்க்காரரின் கொழுந்துக் கூடையும் ஒரே சுங்கக் கொள்கையால்தான் அடிபடுகின்றன. தாயகம் திரும்பியவர் வேறு, படகர் வேறு, பழங்குடியினர் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. பிரிந்து நின்றால் ஒவ்வொருவரும் தபாலாபீஸ் ஜன்னலிலும் தொழிற்சாலை வாசலிலும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியதுதான். சேர்ந்து நின்றால் கேள்வி கேட்கலாம்.

கல்யாணம் நடந்தது. மணமேடையில் பெண் உடுத்தியிருந்தது ஹட்டன் மாமன் அனுப்பிய சேலை. குத்துவிளக்கும் ஏற்றப்பட்டது. தாய்மாமன் இருக்க வேண்டிய இடத்தில் பங்காளி முறையில் ஒருவர் நின்று சடங்கை முடித்தார். மறுநாள் காலையிலேயே பெண்ணின் தாயார் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அந்த நாலு நாள் கூலியைத் திரும்பச் சேர்க்க வேண்டுமே!

அவர் அன்று பறித்த கொழுந்தும் தூளாகி ஏலத்துக்குப் போகும். தீர்வையின்றி வந்த தூளோடு அது விலைக்கு மல்லுக்கட்டும். அண்ணனுடைய சேலைக்குத் தீர்வை கட்டிய கைக்கு, கொழுந்தின் விலையிலும் கூலியிலும் இன்னொரு தீர்வை! இந்த இரட்டைத் தீர்வையை ஒழிக்க வேண்டும் என்ற குரல் கீழ் கோத்தகிரியிலிருந்து எழட்டும். மலை முழுவதும் அது எதிரொலிக்கட்டும்.